விதைப்பை ஸ்கேனில் என்ன தெரியும்? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் வயிற்று ஸ்கேன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது, ஆண்களுக்கு எடுக்கப்படும் விதைப்பை ஸ்கேனைப் பற்றியும் ஓரிரு வரிகள் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. சென்னையில் எந்தப் பகுதி என்பது மட்டும் எழுதப்பட்டிருந்தது. மனைவியிடமும் சொல்லாமல், மருத்துவரிடமும் கேட்காமல், பலர் இந்தக் கவலையை மாதக்கணக்கில் மனத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பது அவற்றைப் படிக்கும்போது தெரிந்தது. ஒரு ஸ்கேன் படத்தை நோயாளியின் வயது, வலி தொடங்கிய நேரம், மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்துக் கண்டது ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. படத்தை மட்டும் தனியே வைத்து முடிவெடுத்தால் சிலருக்கு வீண் அச்சமும், சிலருக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பும் நேர்கின்றன. இந்த எண்ணத்தோடுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பெரம்பூர் வாசகர், வயது 34): ஒரு மாதமாக இடப்பக்க விதையில் லேசான வலி இருக்கிறது. மருத்துவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கூச்சத்தால் இன்னும் போகவில்லை. அங்கே என்ன செய்வார்கள்? கதிர்வீச்சால் குழந்தைப்பேறு பாதிக்கப்படுமா?

பதில்: இது கதிர்வீச்சே இல்லாத பரிசோதனை. காதுக்குக் கேட்காத ஒலியலைகளை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவதுதான் அல்ட்ராசவுண்ட். விந்தணுவுக்கோ ஹார்மோனுக்கோ இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கவும் வேண்டியதில்லை.

உங்களைப் படுக்கவைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் விதைப்பை அசையாமல் இருக்கும்படி செய்வார்கள். ஆணுறுப்பை மேல்நோக்கி வயிற்றின்மீது சாய்த்து, மற்றொரு துண்டால் மூடிவிடுவார்கள். பார்க்க வேண்டிய இடம் மட்டுமே திறந்திருக்கும். பிறகு ஜெல் தடவி, ஒலியலையை அனுப்பி வாங்கும் ப்ரோப் என்ற தட்டையான சிறு கருவியை மெதுவாக நகர்த்துவார்கள். வலி இல்லாத பக்கத்தை முதலில் பார்ப்பதே நல்ல வழக்கம். உங்களுக்கு எது இயல்பு என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வலிக்கும் பக்கத்தில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும். கடைசியில் எழுந்து நிற்கச் சொல்லி, மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள். மொத்தம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

விதை தோலுக்கு அடியிலேயே இருப்பதால், வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படுவதைவிட அதிக அதிர்வெண் கொண்ட, 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலோ அதற்கு மேலோ உள்ள ப்ரோப்பை இதற்குப் பயன்படுத்தலாம். அதனால் ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள மாற்றம்கூடத் தெளிவாகத் தெரியும். வளர்ந்த ஆணின் விதை 3 முதல் 5 செ.மீ. நீளமும், 2 முதல் 3 செ.மீ. அகலமும் கொண்டு, திரையில் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தோன்றும். அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடாக உறையும், மேல்முனையில் தொப்பிபோல எபிடிடிமிஸ் என்னும் விந்துக் குழாயின் தலைப்பகுதியும் தெரியும். இரு விதைகளும் ஒரே உயரத்தில் தொங்குவதில்லை. பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். சுற்றிலும் மிகச் சிறிதளவு நீர் இருப்பதும் இயல்புதான். அறிக்கையில் ‘மினிமல் ஹைட்ரோசீல்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்களின் கடிதங்களும் எனக்கு வந்தவற்றில் இருக்கின்றன. அவர்களும் இந்த வரிகளைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஸ்கேன் சென்டர்களின் காத்திருப்பு அறையில் பெரும்பாலும் கர்ப்பிணிகளே அமர்ந்திருப்பதால், எதற்கு வந்தீர்கள் என்று வரவேற்பில் இருப்பவர் உரக்கக் கேட்கும்போது ஆண்கள் கூசிப்போகிறார்கள். மருத்துவரின் சீட்டை நீட்டினால் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் மருத்துவர் பார்க்க வேண்டுமென்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (கொரட்டூர் வாசகி): என் மூத்த மகனுக்கு வயது 14. ஒரு நாள் விடியற்காலையில் அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்தான். இருமுறை வாந்தி எடுத்தான். அருகிலிருந்த கிளினிக்கில் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மாலையில்தான் விதையில் வலி என்று அப்பாவிடம் சொன்னான். இரவு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று சொல்லி, அறுவை சிகிச்சையில் அகற்றிவிட்டார்கள். காலையிலேயே ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா? எனக்கு இன்னொரு மகனும் இருக்கிறான், டாக்டர்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பையன் அடிவயிறு என்று சொன்னதில் பொய் இல்லை. விதைக்கு வரும் நரம்புகள் வயிற்றுக்குள்ளிருந்தே இறங்கி வருவதால், விதையின் வலி முதலில் அடிவயிற்றில்தான் பலருக்குத் தெரிகிறது. வாந்தியும் அதனோடு சேர்ந்தே வருகிறது. இந்த வயதுப் பையன் வயிற்று வலி என்று வந்தால், கால்சட்டையை இறக்கி விதைப்பையையும் பார்ப்பது மருத்துவரின் கடமை. அதை அவனே கேட்கமாட்டான். நீங்களும் ஊகித்திருக்க முடியாது.

விதை, ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் சேர்ந்த ஒரு கொடியில் தொங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது பின்பக்கச் சுவரோடு ஒட்டாமல், மணியின் நாக்கைப் போலத் தனித்துத் தொங்குகிறது. தூக்கத்தில் தசை சுருங்கும்போதோ, விளையாட்டின்போதோ, எந்தக் காரணமும் இல்லாமலோ அது சுழன்றால் கொடி முறுக்கேறிவிடும். முதலில் அழுத்தம் குறைந்த சிரை நசுங்குகிறது. உள்ளே வந்த ரத்தம் வெளியேற முடியாமல் விதை வீங்குகிறது. பிறகு தமனியும் அடைபடுகிறது. வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலான விதைகள் பிழைத்துக்கொள்கின்றன. 12 மணி நேரமாகும்போது ஏறத்தாழப் பாதியைத்தான் காப்பாற்ற முடிகிறது. 24 மணி நேரம் கடந்தபின் காப்பாற்றுவது அரிது.

காலையில் ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்றால், கலர் டாப்ளரோடு எடுத்திருந்தால் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். டாப்ளர் இல்லாமல் கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் பார்த்திருந்தால், முதல் சில மணி நேரத்தில் விதை முற்றிலும் இயல்பாகவே தோன்றியிருக்கலாம். டாப்ளரில் ரத்த ஓட்டம் நிறப் புள்ளிகளாகத் தெரியும். முறுக்கிய பக்கத்தில் அந்தப் புள்ளிகள் இல்லாமலோ, மறுபக்கத்தைவிட மிகக் குறைந்தோ இருக்கும். அதைவிட உறுதியான அடையாளம் கொடியில்தான் இருக்கிறது. ப்ரோப்பை இடுப்பு மடிப்பிலிருந்து கீழ்நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கொடி நீர்ச்சுழியைப் போல வட்டவட்டமாகச் சுழன்று நிற்பது தெரியும். பல மணி நேரம் கழிந்தபின் விதை பெருத்து, சாம்பல் நிறத்தின் சீர்மை கெட்டு, திட்டுத் திட்டாக மாறிவிடும். அந்த நிலையில் படம் தெளிவாகச் சொல்லும்; ஆனால் காப்பாற்றும் நேரம் கடந்துபோயிருக்கும்.

ஸ்கேனுக்கும் ஒரு வரம்பு உண்டு. பாதி முறுக்கில் தமனி அடைபடாமல் இருந்தால் ரத்த ஓட்டம் தெரியத்தான் செய்யும். முறுக்கு தானாகவே பிரிந்து மீண்டும் முறுக்கிக்கொள்ளும் பையன்களும் உண்டு. சின்னஞ்சிறு குழந்தைகளின் விதையில் இயல்பிலேயே ஓட்டத்தைக் காண்பது கடினம். ஆகையால் வலி திடீரென்று தொடங்கி, விதை மேலே ஏறி, குறுக்காகக் கிடந்து, தொடையின் உட்புறத்தைத் தடவினால் மேலே இழுத்துக்கொள்ளும் இயல்பையும் இழந்திருந்தால், ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோவதுதான் சரி. ஸ்கேன் சென்டர் திறக்கும் வரை வீட்டில் காத்திருப்பது எந்த வகையிலும் சரியல்ல.

உங்கள் மகனின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, மற்ற விதையையும் தையல் போட்டு நிலைநிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறவி அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும் என்பதால் அதைச் சேர்த்தே செய்வதுதான் வழக்கம். செய்யவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு விதை நலமாக இருந்தாலே ஆண்மைக்கும் தந்தையாவதற்கும் பொதுவாகப் போதும். இதை அவனிடம் அவன் அப்பா தெளிவாகச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் போன்ற விளையாட்டுகளில் கவசம் அணியாமல் அவன் களத்தில் இறங்கக் கூடாது.

இளையவனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்: அங்கே வலித்தால் நள்ளிரவானாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் 108-ஐ அழையுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை என இரவு பகலாக அவசரப் பிரிவு இயங்கும் இடத்துக்கு நேரே போங்கள். வாந்தி எடுக்கிறானே என்று கஞ்சியோ ஜூஸோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பையன்களுக்கு, விதையின் மேல்முனையில் உள்ள மிகச் சிறிய ஒட்டுச் சதை மட்டும் முறுக்கிக்கொள்வதும் உண்டு. ஸ்கேனில் ரத்த ஓட்டமற்ற ஒரு சிறு உருண்டையாக அது தெரியும். வலிமருந்தும் ஓய்வும் போதும், விதைக்கு ஆபத்தில்லை. ஆனால் எது முறுக்கியிருக்கிறது என்பதை வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது.

கேள்வி (அம்பத்தூர் வாசகர், வயது 29): திருமணமாகி ஒன்றரை ஆண்டாகிறது, குழந்தை இல்லை. ஸ்கேனில் இடப்பக்கம் ‘கிரேடு 1 வெரிகோசீல்’ என்று வந்திருக்கிறது. தொட்டுப் பார்த்த மருத்துவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை. விந்துப் பரிசோதனை இயல்பாக உள்ளது. ஆனாலும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் தேவையில்லை. விதையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் தடித்துச் சுருண்டுகொள்வதுதான் வெரிகோசீல். வலப்பக்கச் சிரை உடலின் பெருஞ்சிரையில் சாய்வாகச் சேர்கிறது. இடப்பக்கச் சிரையோ இன்னும் நீண்டு மேலே போய், சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேர்கிறது. அதனால்தான் இது பெரும்பாலும் இடப்பக்கத்தில் வருகிறது. ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிரமமும் இன்றித் தந்தையாகிறார்கள். குழந்தையின்மைக்காகப் பரிசோதிக்கப்படும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோரிடம் காணப்படுவதால்தான் இதன்மேல் இவ்வளவு கவனம்.

ஸ்கேனில் சிரையின் அகலம் 3 மி.மீ. அளவை எட்டியிருக்கிறதா, நின்றுகொண்டு முக்கும்போது ரத்தம் தலைகீழாகக் கீழே பாய்கிறதா, அந்தப் பாய்ச்சல் இரண்டு நொடிகளுக்கு மேல் நீடிக்கிறதா என்பவற்றைப் பார்க்கிறோம். படுத்த நிலையில் மட்டும் எடுத்த ஸ்கேனை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு, ஸ்கேன் அறிக்கையில் எழுதப்படும் கிரேடும், மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கிரேடும் ஒன்றல்ல. கைக்குத் தட்டுப்படாமல் கருவிக்கு மட்டும் தெரியும் வெரிகோசீலை அறுவை செய்வதால் பயனில்லை என்பதே யூராலஜி மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. கைக்குத் தட்டுப்பட்டு, விந்துப் பரிசோதனையும் குறைவாக இருந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். விந்துப் பரிசோதனையை, அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு, இரண்டாம் முறையும் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியும் பரிசோதனை செய்துகொண்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். வலப்பக்கம் மட்டும் வெரிகோசீல் வந்தாலோ, நடுவயதில் திடீரென்று தோன்றினாலோ, படுத்தாலும் சுருங்காமல் இருந்தாலோ, வயிற்றையும் சிறுநீரகங்களையும் அதே நாளில் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். மேலே ஒரு கட்டி சிரையை அடைத்திருக்கக்கூடும்.

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர், வயது 61): பத்து ஆண்டுகளாக வலப்பக்க விதைப்பை வீங்கி வருகிறது. வலி இல்லை. வேட்டி கட்டுவதால் வெளியே தெரியாமல் இருந்தேன். இப்போது நடக்கவே சிரமமாகிவிட்டது. ஊசியால் நீரை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். ஸ்கேன் எதற்கு?

பதில்: நீங்கள் சொல்வது ஹைட்ரோசீல் எனப்படும் நீர் வீக்கமாகவே இருக்க வேண்டும். திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். விதையை முன்பக்கமும் பக்கவாட்டிலும் சூழ்ந்து, அதைப் பின்னால் தள்ளியிருக்கும். நீர்தான் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தும் ஸ்கேன் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவ்வளவு நீருக்கு நடுவே விதையைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது. அதில் கட்டியோ அழற்சியோ மறைந்திருந்தால் ஸ்கேனில் மட்டுமே தெரியும். நீருக்குள் தடுப்புச் சுவர்களோ, மிதக்கும் துகள்களோ இருந்தால் சீழ், பழைய ரத்தம், நிணநீர் போன்றவை கலந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். வீக்கம் நீராக இல்லாமல் குடலிறக்கமாக இருந்தால், பைக்குள் இறங்கிய குடல் புழுப்போல நெளிவதும், இருமும்போது மேலும் கீழே இறங்குவதும் தெரியும். குடலிறக்கத்தை நீர் என்று நினைத்து ஊசியைக் குத்தினால் குடல் ஓட்டையாகிவிடும்.

உங்கள் பகுதியைப் பொறுத்தவரை யானைக்கால் நோயையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. சாக்கடையும் தேங்கிய கழிவுநீரும் உள்ள இடங்களில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் அந்த நோயை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழுவின் குஞ்சுகளைப் பரப்புகிறது. வளர்ந்த புழுக்கள் ஆண்களுக்கு விதைக்கொடியின் நிணநீர்க் குழாய்களில் குடியேறுவதை மிகவும் விரும்புகின்றன. அவை உயிரோடு இருந்தால், ஸ்கேனில் அந்தக் குழாய்க்குள் மெல்லிய வெள்ளை இழைகள் ஓயாமல் நெளிந்து சுழல்வதைக் கண்ணால் காணலாம். ‘ஃபைலேரியா நடனம்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்தக் காட்சியை 1994-இல் பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகர மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். மேல்நோக்கிப் பாயும் ரத்த ஓட்டத்தைப் போல ஒரே தாளத்தில் இல்லாமல், திசையும் வேகமும் மாறி மாறி அது அசைவதால், பார்த்துப் பழகியவர் கண்ணுக்கு ஐயமே எழாது. பத்தாண்டுப் பழமையான வீக்கத்தில் புழுக்கள் இறந்துபோயிருக்கலாம்; அவை கெடுத்த குழாய்களால் நீர் மட்டும் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருக்கும். எனவே ரத்தப் பரிசோதனையும் செய்து, தேவைப்பட்டால் மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசியால் எடுத்த நீர் மீண்டும் சேரும். ஒவ்வொரு முறையும் கிருமித் தொற்றுக்கு வழியும் திறக்கும். நீரைச் சுரக்கும் உறையைச் சரிசெய்யும் சிறிய அறுவை சிகிச்சைதான் நிலையான தீர்வு. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் கட்டுப்படுத்திக்கொண்டு போங்கள். பத்து ஆண்டுகள் பொறுத்துக்கொண்டது போதும், ஐயா.

கேள்வி (தரமணி வாசகர், வயது 26): குளிக்கும்போது வலது விதையில் கல்போன்ற ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. மூன்று மாதம் முன்பு அங்கே பந்து பட்டதால் அதுதான் காரணம் என்று இருந்துவிட்டேன். ஸ்கேனில் விதைக்குள் 2 செ.மீ. அளவுள்ள திடக் கட்டி, ரத்த ஓட்டம் அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்து, விதையையே அகற்ற வேண்டும் என்கிறார் யூராலஜிஸ்ட். முதலில் ஊசி வைத்துச் சதைச் சோதனை செய்து உறுதிப்படுத்தக் கூடாதா?

பதில்: கூடாது. உங்கள் மருத்துவர் சொல்வது சரி. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் அவரை மீண்டும் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இந்த உறுப்பை ஸ்கேன் செய்யும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, கட்டி விதைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுதான். வெளியே இருப்பவை பெரும்பாலும் தீங்கற்றவை. எபிடிடிமிஸில் காணப்படும் நீர்க்கட்டிகள் மிகவும் சாதாரணம், அவற்றை அப்படியே விட்டுவிடலாம். விதைக்கு உள்ளே, சுற்றியுள்ள சாம்பல் நிறத்தைவிடக் கருமையாக, ரத்த ஓட்டத்தோடு ஒரு திடக் கட்டி இருந்தால், இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை அதைப் புற்றுநோய் என்றே கொள்ள வேண்டும். ஒரே சீராக இருந்தால் செமினோமா வகை என்றும், உள்ளே நீர்க்குமிழ்களும் சுண்ணாம்புப் புள்ளிகளும் கலந்திருந்தால் வேறு வகை என்றும் ஊகிக்கலாம். உறுதியாகச் சொல்வது நுண்ணோக்கியின் வேலை. வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகத் தெரிந்து, ரத்த ஓட்டமே இல்லாத ஒரு தீங்கற்ற கட்டியும் உண்டு. உங்கள் அறிக்கையில் ரத்த ஓட்டம் அதிகம் என்று இருப்பதால் அந்த வாய்ப்பு இல்லை.

ஊசி வைக்கக் கூடாததற்குக் காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. கருவில் விதை சிறுநீரகங்களுக்கு அருகே உருவாகிப் பிறகுதான் கீழே இறங்குகிறது; அதனால் அதன் நிணநீர் முதுகெலும்பின் முன்பக்கமுள்ள முடிச்சுகளுக்கே திரும்பிப் போகிறது. விதைப்பைத் தோலின் நிணநீரோ இடுப்பு மடிப்பு முடிச்சுகளுக்குப் போகிறது. தோல் வழியாக ஊசியைச் செலுத்தினால், இதுவரை ஒரே பாதையில் மட்டுமே பரவக்கூடியதாக இருந்த நோய்க்கு இன்னொரு பாதையையும் திறந்துவிடுகிறோம். ஆகவேதான் இடுப்பு மடிப்பில் கீறி, கொடியை முதலில் கட்டிவிட்டு, விதையை முழுதாக எடுத்து, அதையே பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் அறுவைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். விந்தணுக்களைச் சேமித்து வைப்பது பற்றியும் நீங்களாகவே கேளுங்கள்; அவசரத்தில் அது விட்டுப்போய்விடுகிறது. இளைஞர்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாகக்கூடியது இதுதான். தொடக்க நிலையில் கண்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைகிறார்கள். பரவிய பின்னும் பெரும்பாலோரை மருந்தால் குணப்படுத்த முடிகிறது. அடையாற்றில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் நிலையம் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை.

பந்து பட்டது கட்டிக்குக் காரணமல்ல. அடிபட்டதால் கை அங்கே போய், இருந்த கட்டி தெரியவந்திருக்கிறது. அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கை பெற்ற மற்றவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: அந்தத் திட்டு முற்றிலும் மறையும் வரை மறு ஸ்கேன் எடுங்கள். ரத்தக் கட்டு நாளடைவில் சுருங்கும், புற்றுநோய் சுருங்காது.

கேள்வி (தாம்பரம் வாசகர், வயது 48): சர்க்கரை நோய் உள்ளது. இரண்டு மாதமாக விதையின் பின்பக்கம் கெட்டியான வீக்கம். இருமுறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. ஸ்கேனில் எபிடிடிமிஸ் பெருத்திருக்கிறது என்கிறார்கள்.

பதில்: சாதாரணக் கிருமியால் வரும் அழற்சியில் எபிடிடிமிஸ் பெருத்து, டாப்ளரில் நிறம் கொட்டியதுபோல ரத்த ஓட்டம் மிகுந்திருக்கும், காய்ச்சலும் கடும் வலியும் இருக்கும், சரியான மருந்தில் சில நாட்களில் வலி குறையத் தொடங்கிவிடும். உங்களுக்கு இருப்பது வேறு மாதிரி. வலி குறைவு, வீக்கம் கெட்டி, இரண்டு மாதமாக நீடிக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. நம் நாட்டில் இந்தப் படத்தைப் பார்த்தவுடன் காசநோயை நினைக்க வேண்டும். ஸ்கேனில் எபிடிடிமிஸின் வால்பகுதி ஒழுங்கற்றுத் திட்டுத் திட்டாக இருக்கிறதா, அருகே தோல் தடித்துப் புண் வாய் திறக்கப் பார்க்கிறதா என்று மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்து, மார்பு எக்ஸ்ரே எடுத்து, விடியற்காலைச் சிறுநீரைக் காசநோய்க்கு அனுப்ப வேண்டும். காசநோய்க்கென்றே 1928-இல் தொடங்கப்பட்ட சானடோரியம் மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. காசநோய் மருந்து அரசு வழியாக இலவசம். குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

கேள்வி (ஆவடி வாசகர், வயது 31): ஸ்கேனில் இரு விதைகளிலும் சிறு சிறு சுண்ணாம்புப் புள்ளிகள் என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயாக மாறுமா?

பதில்: விதை பிறவியில் இறங்காமல் இருந்தது, முன்பே ஒரு விதையில் புற்றுநோய் வந்தது, தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ அது வந்தது, விதை மிகவும் சிறுத்துப்போனது ஆகியவற்றில் ஒன்றும் உங்களுக்கு இல்லையென்றால், மறு ஸ்கேனே தேவையில்லை. மாதம் ஒருமுறை குளிக்கும்போது நீங்களே தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். மேற்சொன்னவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி (வேளச்சேரி வாசகி): என் மகனுக்கு ஒன்பது மாதம். வலது விதை பையில் இல்லை. தானாக இறங்கும், ஒரு வயது வரை பார்க்கலாம் என்று மாமியார் சொல்கிறார். ஸ்கேன் எடுத்துவிட்டு முடிவு செய்யலாமா?

பதில்: நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றில் மூன்று பேருக்கு இப்படி இருக்கிறது. அவர்களில் பலருக்கு முதல் மூன்று மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தபின் இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் மாமியார் சொல்வது ஆறு மாதம் வரைதான் பொருந்தும். இனி ஸ்கேனில் நேரத்தைச் செலவிட வேண்டாம். விதை வயிற்றுக்குள் இருந்தால் குடலில் உள்ள வாயு அதை மறைத்துவிடும். ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் விதையே இல்லை என்று பொருளாகாது. குழந்தை அழாமல் இருக்கும்போது, சூடான கையால் இடுப்பு மடிப்பிலிருந்து மெதுவாக வருடிக்கொண்டு வரும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரின் விரல்களே இந்த இடத்தில் ஸ்கேனைவிட நம்பகமானவை. அவர் கைக்கும் தட்டுப்படாவிட்டால் லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்து, அப்போதே கீழே இறக்கி வைக்கும் வழியும் உண்டு.

அறுவை சிகிச்சைக்கு ஏற்ற காலம் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்டது என்பதால், இந்த மாதத்திலேயே எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ, உங்களுக்கு வசதியான வேறு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடமோ காட்டுங்கள். இறங்காத விதைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். உரிய வயதில் கீழே இறக்கி வைத்தால் அந்த வாய்ப்பு குறைகிறது. கட்டி தோன்றினாலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அறுவை சிகிச்சைக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருந்து, அவன் பதின்பருவத்தை எட்டும்போது அவனிடமே கொடுத்து, மாதம் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள்.